மங்கலாகக் கேட்கும் மைக்

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். சர்ச்சுக்குப் போகும்போது சட்டை நனைந்தது, வரும்போது செருப்பு அறுந்தது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கூப்பிட்டார். அவர் எழுதி மெட்டுப் போட்டு வைத்திருக்கிற ஆறு பாட்டு. கிறிஸ்மஸுக்கு முன்னால் பதிவு செய்து கொடுக்க முடியுமா என்றார். பாடுவது ஸ்டெல்லா. பதிவு, மிக்ஸிங் எல்லாம் நான். முடியும் என்றேன். யோசிக்கவே இல்லை.

வழியில் ஸ்டெல்லா: "எதுல யா எடுப்ப? போன்லயா?"

"மைக் கட்டப் போறேன்."

"வாங்கப் போறியா, கட்டப் போறியா?"

"கட்டப் போறேன்."

சிரித்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக இதே சிரிப்பு. நான் எதைக் கழற்றினாலும் வரும்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த ஆறு பாட்டும் நன்றாக வந்துவிட்டால் கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலையை விட்டுவிடுவேன். பதினான்கு வருஷம் தகடு அடித்தாயிற்று. முன் அறையில் ரெக்கார்டிங் ரூம். சுற்று வட்டாரச் சபைகள், கல்யாணப் பாட்டு, ஆட்டோ விளம்பரம் என்று வரும். பாட்டு நன்றாக வரவில்லையென்றால் எதுவும் இல்லை. தகடுதான்.

நவம்பர் 3, திங்கள்

ஏ ஷிப்ட். இரண்டரைக்கு விட்டார்கள். ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டது, அரை மணி போச்சு.

பாட்டைப் பதிவு செய்கிற மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றியாயிற்று. பழைய காலத்துப் பெரிய மைக்குகள் ஒவ்வொன்றும் குரலை ஒவ்வொரு மாதிரி காட்டும். அவற்றின் குணத்தை மட்டும் இதில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் சாதாரண மைக்கில் பாடிப் பதிவு செய்தால் போதும். பிறகு பட்டியலில் எந்தப் பெயரைத் தொடுகிறோமோ அந்த மைக்கில் பாடினது போல மாறும். ஒரே நிபந்தனை, நம் மைக்குக்குச் சொந்தக் குணம் எதுவும் இருக்கக் கூடாது. குழம்பு எதுவானாலும் சோறு வெறுஞ்சோறாக இருக்க வேண்டும், அது மாதிரி.

வேண்டியவை:
கேப்ஸ்யூல், குரலை வாங்குகிற பாகம். பார்சலில் வந்துவிட்டது. பெரிய கோட்டுப் பொத்தான் அளவு, தங்க முலாம் பூசின ஜவ்வு. தொடக் கூடாது, ஊதக் கூடாது.
எஃப்.இ.டி. (சின்ன டிரான்சிஸ்டர்) 1, ஒரு கிகா ஓம் ரெசிஸ்டர் 1, கெபாசிட்டர் 4. இருக்கு.
குழாய். பாபுவைக் கேட்க.
முன்னால் வைக்க வலை. ?
ஸ்பிரிட், பஞ்சு.
மழை நிற்க வேண்டும். இது என் கையில் இல்லை.

நவம்பர் 5, புதன்

மழை நிற்கவில்லை. டூல் ரூமில் பாபு. சேர்ந்த நாளிலிருந்து சிநேகம். ஸ்கிராப்பில் கிடந்த ஸ்டீல் குழாய்த் துண்டைச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு எடுத்துப் போனேன்.

"இன்னா மச்சான் இது? மைக்கா? கட்சில சேந்துட்டியா?"

"சர்ச் பாட்டுக்கு."

"அப்ப சரி, புண்ணியத்துல எனக்கும் பாதி" என்று லேத்தில் மாட்டினான். இரண்டு முனையும் சீவி உள்ளே மரை போட்டுக் கொடுத்தான். பத்து நிமிஷ வேலை, அரை மணி அரட்டை.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் பேரிங் உறுமல். இதற்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காது அடைப்பான் எப்போதும் போலக் கழுத்தில் தொங்க, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை மிஷின் மேல் அழுத்தி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்க வேண்டும். இடது பக்கம் என்றேன். கழற்றினார்கள். இடது பக்கம்தான். ஷாப்பில் என் காதுக்குத் தனிப் பெயர் உண்டு. அடைப்பானோடு வேலை செய்கிறவன் மிஷினைக் கேட்க மாட்டான், குருட்டாம்போக்கில் அடிப்பான். சேஃப்டி ஆபீசர் வரும்போது மட்டும் எல்லோரும் காதில் சொருகுவோம்.

நவம்பர் 8, சனி

வார லீவு, சம்பளமில்லாத ஓய்வு என்று ஸ்டெல்லா சொல்கிற நாள். காலையிலிருந்து சால்டரிங்.

கிகா ஓம் ரெசிஸ்டரைப் போர்டில் படுக்கவைக்கக் கூடாது. கால்களை அந்தரத்தில் நிற்க வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். கை பட்டால் விரல் பிசுக்கு வழியாகவே மின்சாரம் கசிந்துவிடும். தெரிந்தும் தொட்டேன். ஆன் பண்ணினால் எண்ணெயில் வடகம் போட்ட சத்தம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். குறைந்தது. மழை ஈரம் வேறு. பக்கத்து வீட்டு ஹேர் டிரையர் வாங்கி ஊதினேன். சத்தம் போச்சு. இப்போது அமைதி, சுத்தமான அமைதி.

வலைக்கு மாவு சல்லடை. ஸ்டெல்லா ரேஷன் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து வெட்டினேன். இரண்டு அடுக்கு.

சாயங்காலம்: "சல்லடைய எங்க யா?"

காட்டினேன்.

"அடப்பாவி. இன்னும் வளையம் மட்டும் பாக்கி வெச்சிகீற. அதையும் ஸ்டியரிங் ஆக்கிடு."

நவம்பர் 9, ஞாயிறு

மதியம் முதல் பதிவு. மெத்தையைச் சுவரில் நிமிர்த்தி, இரண்டு கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டு, நடுவில் ஸ்டெல்லா. ரயில் போகும்வரை நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டியதாயிற்று. விஜயவாடா பக்கம் போகிற வண்டி எல்லாம் இன்றைக்குத்தான் வரிசை கட்டுகிறது.

நன்றாகப் பாடினாள். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹெட்போனில் கேட்டால் மங்கல். ஸ்தோத்திரம் என்கிற வார்த்தைக்கு முதல் எழுத்தே இல்லை. குரலைச் சுற்றித் துணி சுற்றினது போல. அவள் குரல் எனக்குத் தெரியாதா? பாடகர் குழுவில் நின்று இவள் ஒரு 'ஸ' சொன்னால் கடைசி பெஞ்சில் எனக்கு வந்து குத்தும். அதைக் கேட்டுத்தானே பெண் கேட்டுப் போனேன்.

மைக்கில் கோளாறு. கெபாசிட்டர் மாற்ற வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

கெபாசிட்டர் மாற்றினேன். மங்கல்.
வலையில் ஓர் அடுக்கை எடுத்தேன். மங்கல்.
எஃப்.இ.டி. மாற்றினேன். மங்கல்.

இந்த மென்பொருளில் நம் மைக்குக்கு ஒரு திருத்தக் கோடு வரைந்து கொடுக்கலாம். எந்த இடத்தில் குறைகிறதோ அங்கே கோட்டைத் தூக்கினால் அது ஈடு செய்துகொள்ளும். கீச்சுச் சத்தங்கள் இருக்கிற உச்சிப் பக்கம் தூக்கினேன். கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். ஸ்தோத்திரத்துக்கு முதல் எழுத்து வந்தது. வந்துவிட்டது என்று கத்தினேன்.

ஸ்டெல்லா ஹெட்போனை மாட்டி உடனே கழற்றினாள். "அய்யே. காது கூசுது யா. பாம்பு சீறுற மாதிரி கீது."

"உனக்குத் தெரியாது. இதுதான் தெளிவு."

"பாடுனது நானு. எனக்குத் தெரியாதா?"

பெரிய இவள். வீட்டுக்குள் கேட்டுப் பழகினவளுக்கு ஸ்டூடியோ சத்தம் புதுசு.

நவம்பர் 12, புதன்

கேன்டீனில் பாபுவுக்கு போனில் போட்டுக் காட்டினேன். அவன் தட்டிலிருந்த கையை எடுத்துக் காதைத் தேய்த்தான்.

"கத்தி சாணை புடிக்கிற மாதிரி கீது மச்சான். தங்கச்சி நல்லாத்தான பாடும்?"

இவனும் கூடவா. இவன் டூல் ரூம் ஆள், கண்ணாடிக் கதவுக்குள் வேலை. நல்ல சத்தத்தைக் கேட்டதே கிடையாது. கோபம் வந்தது. அவன் வாங்கிக் கொடுத்த போண்டாவைச் சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

நவம்பர் 13, வியாழன்

பலத்த மழை. பைபாஸில் முழங்கால் தண்ணீர்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் நாகராஜின் சவுண்ட் சர்வீஸ் கடை. இந்தப் பக்கத்துத் திருவிழா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவர். தெலுங்குக்காரர், வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அவருக்கு நைனா, எங்களுக்கு அவரும் நைனா. மைக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் பிடித்தது சால்டரிங்.

"கை சுத்தம் நைனா உனக்கு."

பாட்டைக் கேட்டார். முகத்தைச் சுளித்தார். "மேல ரொம்ப ஓவரா கீது. ஜனம் எழுந்து ஓடிரும்."

"கோட்ட எடுத்துட்டா மங்கலா கேக்குது நைனா."

"எடுத்துட்டுப் போடு."

போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "இதுல இன்னா மங்கல் கீது? நல்லாத்தான கீது."

அளவு மைக் ஒன்று இருக்கிறதாம் அவரிடம். பொய் சொல்லாத மைக். அதோடு பக்கத்தில் வைத்து அளந்தால் என் மைக்கின் குணம் படமாக வந்துவிடும். ஆனால் அது ஆரணியில் ஒரு கல்யாண வேலைக்குப் போயிருக்கிறது, அடுத்த வாரம்தான் வரும். கிளம்பும்போது சொன்னார்: "அதுவரிக்கும் அந்தப் பாப்பாவ நேரா உக்காரவெச்சி பாடச் சொல்லிக் கேளு. மைக்கு, மிஷினு ஒண்ணியும் வேணாம்."

இதை நானே செய்திருக்க வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

ஒரு கை தூரத்தில் உட்காரவைத்தேன். நடுவில் எதுவும் இல்லை. முதல் பாட்டின் முதல் சரணம் பாடினாள்.

மங்கல்.

மறுபடி பாடச் சொன்னேன். அதே மங்கல், அதே துணி சுற்றின குரல். மைக்கில் கேட்டது எப்படியோ அப்படியே. அப்படியானால் மைக் சரி. நைனா சொன்னதும் சரி.

நான் சொன்னது இது. வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்: "மைக்குல ஒண்ணும் இல்ல. உன் குரலுதான் மங்கிப் போச்சு. முன்ன மாதிரி இல்ல."

"இன்னா சொன்ன?"

"நெஜத்தத்தான் சொல்றேன். வயசாவுதில்ல. வேணும்னா ஆவி புடி, தேன் சாப்புடு."

எழுந்து போய்விட்டாள். மெத்தையைத் திரும்பக் கட்டிலில் போடும் சத்தம். நான் மைக் சரியாக இருக்கிறதே என்கிற சந்தோஷத்தில் இருந்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

பேச்சு இல்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. நாஷ்டா டப்பா வாசலில் தயாராக இருக்கிறது. ஆள் மட்டும் இல்லை.

பாஸ்டர் போன். "தம்பி, சிஸ்டரு பாட மாட்டேன்னு சொல்லிட்டாங்க. குரலு போயிடிச்சாம். நேத்து பயிற்சிக்கும் வரல. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

விசாரிக்கிறேன் என்றேன்.

"முப்பதாம் தேதி ஞாயித்துக்கெழம வரிக்கும் பாக்கறேன். அப்புறம் மெட்ராஸ்ல வேற பொண்ண வெச்சி ஸ்டூடியோல எடுத்துடலாம்னு கமிட்டில சொல்றாங்க."

ரூம், சபைகள், விளம்பரம் எல்லாம் அதோடு போய்விடும். ஸ்டெல்லாவிடம் சொன்னேன், பாஸ்டர் கேட்டார் என்று. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீதான சொன்ன போச்சின்னு. நானும் கேட்டுப் பாத்தேன். எனக்கும் இப்ப அப்டித்தான் தோணுது. எதுக்கு நாலு பேரு முன்னால அசிங்கப்படணும்?"

நான் நினைத்தது கோபம் என்று. கோபம் இல்லை. நம்பிவிட்டாள்.

நவம்பர் 20, வியாழன்

வெயில். பதினைந்து நாளுக்கு அப்புறம். நைனா தன் வண்டியிலேயே அளவு மைக்கைக் கொண்டுவந்தார். மூன்றரை மணி.

என் மைக்கும் அவர் மைக்கும் பக்கத்தில் பக்கத்தில், எதிரே ஒரு ஸ்பீக்கர். அதிலிருந்து ஒரு கூவல் வரும். அடித் தொண்டையில் ஆரம்பித்து இடைவிடாமல் உச்சிவரை ஏறும். ஏற ஏற மைக் எவ்வளவு வாங்குகிறது என்று லேப்டாப் கோடு போடும். பக்கத்து வீட்டுக் குழந்தை தூளியில் தூங்கியதால் சத்தத்தைக் குறைத்து வைத்தோம்.

கூவல் ஏறியது. ஏறியது. நின்றது. சரி, முடிந்தது என்று நிறுத்துகிற பட்டனுக்குக் கை கொண்டுபோனேன். நைனா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எதுக்கு நிறுத்துற? இன்னும் ஓடுது."

"முடிஞ்சிடிச்சே நைனா."

லேப்டாப்பில் சத்த அளவைக் காட்டுகிற மீட்டர் பச்சையாக நின்றுகொண்டிருந்தது. விழவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையிலிருந்து ஸ்டெல்லா, நாலு நாளில் முதல் முறையாகத் தானாக என்னைக் கூப்பிட்டு: "எவ்ளோ நேரம் யா அந்தக் கூவலு? தல வலிக்குது, நிறுத்து!"

மீட்டர் அப்புறம்தான் விழுந்தது.

நைனா படத்தைக் காட்டினார். என் மைக்கின் கோடும் அளவு மைக்கின் கோடும் அண்ணன் தம்பி போல ஒன்றாகப் போகின்றன. முதல் தடவை கட்டினதுக்கு இது ஜாஸ்தி என்றார். எனக்கு அதில் மனசு போகவில்லை. வண்டியில் ஏறும்போது நைனா, "ஆஸ்பத்திரில காட்டு நைனா. ஊட்டுல வெச்சிக்கினு பேஜாரு பண்ணிக்காத" என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

ஏ ஷிப்ட். இன்றைக்குக் காது அடைப்பானைச் சொருகிக்கொண்டு வேலை செய்தேன். "இன்னாண்ணே, சேஃப்டி ஆபீசரு வராரா?" என்று ரெண்டு பேர் அவசரமாகச் சொருகினார்கள்.

யோசித்துப் பார்த்ததில், கேட்காமல் போனவை:
குக்கர் விசில், அடுத்த அறையிலிருந்து.
போன் மணி. வைப்ரேஷனில்தான் எடுக்கிறேன், எத்தனை நாளாக என்று தெரியவில்லை.
சில்வண்டு. இந்த மழைக் காலத்தில் கத்தவே இல்லையே என்று நினைத்தேன்.
ஸ்டெல்லா.

பேரிங் உறுமல் கேட்கிறது. அது கனத்த, தாழ்ந்த சத்தம். அதை வைத்துத்தான் என் காதைப் பெரிய காது என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

லீவு. பெரியபாளையம் வழியாக பஸ். திருவள்ளூர் பெரியாஸ்பத்திரி, காது மூக்கு தொண்டை. டோக்கன் 61.

கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிற அம்மா. வழக்கம் போலக் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தேன்.

வழக்கம் என்று எழுதிவிட்டேன். அது என்ன வழக்கம் என்றும் எழுதிவிடுகிறேன். கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை வேன் வரும், இதே சோதனைக்கு. ஃபெயில் ஆனால் ஸ்டோருக்குத் தூக்கிவிடுவார்கள், ஓவர்டைம் கிடையாது. அதனால் ஷாப்பில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவோம்: சத்தத்தைக் கேட்காதே, டெஸ்ட் பண்ணுகிறவர் விரலைப் பார். அவர் பட்டனை அமுக்கினால் நீ விரலைத் தூக்கு. யாரும் ஃபெயில் ஆனதில்லை. நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பதினான்கு வருஷமும் பாஸ். யாரை ஏமாற்றினேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

நிறைய நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பேப்பரில் இரண்டு கோடு. மைக்குக்கு வருகிற மாதிரியே படம். பாதிவரை மேடாக வந்து, நாலாயிரம் ஹெர்ட்ஸில் கிணறு. இடது காது இன்னும் ஆழம்.

"எங்க வேல?"

"பிரஸ் ஷாப்."

தலையாட்டினார். இந்தப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருகிறார்களாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், சத்தத்தை விட்டு விலகுங்கள், காதுக் கருவிக்கு எழுதித் தருகிறேன் என்றார். நல்லபடியாகத்தான் பேசினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பயமாக இருக்கிறது. காது இல்லாதவன் வைக்கிற ரெக்கார்டிங் ரூமுக்கு யார் வருவார்கள்? கவரைப்பேட்டையில் இறங்கும்வரை அதுதான் ஓடியது. அதைவிடப் பெரியது ஒன்றும் ஓடியது. அவளிடம் குரல் போச்சு என்று சொன்னேனே.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் சொன்னேன். பேப்பரைக் காட்டினேன்.

"என் காதுதான். உன் குரலு இல்ல."

பேப்பரை வாங்கி நேரம் எடுத்துப் பார்த்தாள். இடது காதைத் தொட்டுப் பார்த்தாள், ஏதோ காயம் மாதிரி. கருவி எப்போது தருவார்கள், வலிக்குமா என்று எல்லாம் கேட்டாள். அப்புறம் பாட்டைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"உனுக்குக் கேக்கலன்றது வேற யா. எனுக்கே இப்ப பாடறப்ப நடுங்குது. ஒவ்வொரு வார்த்தையும் மங்கலா, மங்கலான்னு தோணிக்கினே கீது. நீ சொன்னத நீ வாபஸ் வாங்கிக்கலாம். என் தலையில பூந்தது எப்டி வெளிய வரும்?"

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

நவம்பர் 27, வியாழன்

பேப்பரைப் பர்சனல் ஆபீசில் கொடுத்தேன். ஒன்றாம் தேதியிலிருந்து ஸ்டோர்.

பாபு கேன்டீனில் முழுசாகக் கேட்டான். "லூசு மச்சான் நீ. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிக்கினு இருந்திருக்கலாம். இப்ப எல்லாரையும் திரும்ப டெஸ்ட் பண்ணுவான், பசங்க உன்னத்தான் திட்டுவானுங்க."

"திட்டட்டும்."

"யாரனா ஒருத்தன் கேட்டானா உன்ன?"

"கேக்கல. கேக்கறதுதான் பிரச்சன" என்றேன். சிரிக்கவில்லை அவன். கிளம்பும்போது தன் காதில் விரலை விட்டு ஆட்டிப் பார்த்துக்கொண்டு போனான்.

நவம்பர் 29, சனி

மழை. வீட்டில்தான்.

ஆஸ்பத்திரிப் பேப்பரை லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மைக்குக்குத் திருத்தக் கோடு வரைகிற அதே பக்கம். ஆனால் திருத்துவதற்கு இல்லை. பேப்பரில் எங்கே எத்தனை இறங்குகிறதோ மென்பொருளிலும் அங்கே அத்தனை இறக்கினேன். ஆயிரம்வரை நேர்க்கோடு. இரண்டாயிரத்தில் சரிவு. நாலாயிரத்தில் கிணறு. அதற்கு மேலும் ஏறாமல் கிடக்கிறது.

காது முழுசும் இதில் வராது, தெரியும். கிட்டத்தட்ட வரும்.

பட்டியலில் சேமிக்கப் பெயர் கேட்டது. பெரிய பெரிய மைக்குகளின் வரிசையில் கடைசியாக என் பெயரை, 'மோசஸ்' என்று அடித்தேன். மோசஸைப் போட்டு நானே அவள் பாட்டைக் கேட்டேன். போடாமலும் கேட்டேன். இரண்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சரியாகச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

நவம்பர் 30, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. ஸ்டெல்லா ஆராதனைக்கு வந்தாள். பாடகர் குழுவில் நிற்கவில்லை. பெண்கள் பக்கம் பின்வரிசை, தலையில் முக்காடு. சபை பாடும்போது உதடு அசைந்தது, அவ்வளவுதான். வாசலில் பாஸ்டர் என்னைப் பார்த்தார். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

சாப்பிட்டுவிட்டுக் கேட்டேன். "நாலு நிமிஷம் குடு. பாட வேணாம். கேட்டா போதும்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன். முதலில் ஒன்பதாம் தேதி பாடினது, என் கோடு எதுவும் இல்லாமல், அப்படியே.

"சரியாத்தான் கீது" என்றாள். குரலில் சுரத்தில்லை. "ஆனா அங்க பாரு, சரணத்துல..."

"இரு." பட்டியலில் கடைசிப் பெயரைத் தொட்டேன்.

அவள் கை உடனே ஹெட்போனுக்குப் போனது. ஒயரைப் பிடித்துப் பார்த்தாள். "புடுங்கிக்கிச்சா?"

"இல்ல."

"இது இன்னா மைக்கு யா? இவ்ளோ மட்டமா கீது?"

"மைக் இல்ல. நான்."

புரியவில்லை. ஆஸ்பத்திரிப் பேப்பரை எடுத்து மேஜை மேல் வைத்தேன், திரையில் இருந்த கோட்டுக்குப் பக்கத்தில். பேப்பரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பாட்டு முடியும்வரை கேட்டாள். ஸ்தோத்திரம் வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் முதலிலிருந்து போடச் சொன்னாள். இரண்டாவது தடவையும் முழுசாகக் கேட்டாள்.

"நான் பாடறது உனுக்கு இப்டியா கேக்குது?"

"ஆமா."

"நான் பேசறதும்?"

"ஆமா."

"சமையக்கட்டுலேர்ந்து கூப்ட்டா திரும்பாம போவியே, அது?"

"கேக்கல."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "திமிருன்னு நெனச்சிக்கினு இருந்தேன் யா. நாலஞ்சு வருஷமா. நானும் பேசறதக் கொறச்சிக்கினேன்." அழுதாள். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. மன்னித்துவிடு என்றேன். கல்யாணமானதிலிருந்து அந்த வார்த்தையை அவளிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. "சும்மா இரு யா" என்று முந்தானையால் என் மூக்கையும் சேர்த்துத் துடைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி ஒன்பதாம் தேதி பாட்டைத் தானே போட்டுக் கேட்டாள். அந்தக் கோடு இல்லாமல். இந்தத் தடவை சரணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "போவலையே" என்றாள். யாரிடமோ சொல்வது போல. "எங்கியும் போவல."

அவளே மெத்தையை இழுத்துச் சுவரில் நிமிர்த்தினாள். நான் கம்பளியைத் தொங்கவிட்டேன். நாலு மணி வண்டி போகும்வரை காத்திருந்தோம். பாஸ்டருக்கு அவளே போன் பண்ணி, பாடுகிறேன், வேற பொண்ணு வேணாம் என்றாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள் போலிருக்கிறது.

"பட்டனெல்லாம் நீ தள்ளு. எங்க நிறுத்தணும்னு நான் சொல்றேன்."

பாடினாள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் ஹெட்போனை அவள் மாட்டிக்கொண்டு கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரியா?" என்றேன்.

"இன்னொரு தடவ" என்றாள்.